கோமதி அக்கா மலைக்குக் கொண்டுபோன வகுப்பு

செய்தி வந்தபோது நான் ஹாலிஎல கிளினிக்கில் நின்றுகொண்டிருந்தேன். மகளைத் தராசில் உட்காரவைத்து, அவள் எட்டி என் சேலையைப் பிடிக்காதபடி ஒரு கையால் தடுத்துக்கொண்டிருந்தேன். பையில் போன் அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. எடுத்தால் கோமதி அக்காவின் தம்பி. "டீச்சர், அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க டீச்சர். காலையில தேத்தண்ணி கேட்டாங்க. ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள…" அதே நேரம் மருத்துவிச்சி தராசைப் பார்த்து, "போன மாசத்த விட எடை கொஞ்சம் எறங்கியிருக்கே, என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டார். பருப்பும் சோறும் கீரையும் என்று பதில் சொன்னேன். போன் காதிலேயே இருந்தது. கண் நிறைந்துவிட்டது. "இதுக்கெல்லாம் அழுவாங்களா? பல்லு மொளைக்கிற நேரம் அப்படித்தான்" என்று அவர் என் தோளைத் தட்டினார். நான் மகளைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

கருமாதியன்று கொடுக்கும் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று தம்பி கேட்டிருந்தார். அவர் சொன்ன நாள் கடந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, கரண்ட் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிப்போட்டேன். எழுதி முடித்தால் அவர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும், அதுதான் உள்ளே இருந்த காரணம். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அவரைப் பதுளை கடைவீதியில் பாத்திரக்கடை வீட்டு மூத்த பெண்ணாக அறிந்தவர்கள். சிலர் எங்கள் கல்வி நிறுவனத்தில் அவரோடு வேலை செய்தவர்கள். மடுல்சீமைத் தோட்டத்துப் பெண்களுக்கு அவர் 'மிஸ்'. எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். ஒரே டிப்ளோமாவின் பாடங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, பல வருடம் நடத்தியவர்கள் நாங்கள்.

அவரைத் தகனம் செய்துவிட்டு வந்த சில நாளிலேயே நிறுவனத்தில் கேள்வி எழுந்தது. மடுல்சீமை வகுப்பை இனி என்ன செய்வது? அங்கே இரண்டாவது அணி பாதிப் படிப்பில் நிற்கிறது. பொறுப்பெடுக்க ஆளில்லை என்றால் மாணவிகள் பதுளைக்கு வந்து படிக்கட்டும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கோமதி அக்கா இருந்திருந்தால் மேசையில் ஓங்கி அடித்திருப்பார். ஏன் என்று விளங்க வேண்டுமானால், அந்த வகுப்பு மலையேறிய கதையைச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது முன்பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளோமா. முதலில் பதுளையில் மட்டும்தான் நடத்தினோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் வருவார்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருப்பவர்களும் வருவார்கள். மடுல்சீமையிலிருந்து ஒவ்வொரு வருடமும் சிலர் சேருவார்கள். மாதம் முடிவதற்குள் ஒருத்தியும் மிஞ்சமாட்டாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நான் அதைப் பற்றிக் கொஞ்சம் எரிச்சலாகப் பேசினேன். "நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவதானே அக்கா. தெமோதரையிலேருந்து தினம் பதுளைக்கு வந்து படிச்சேன். மனசு வச்சா முடியாதா?" அவர் சோற்றுப் பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கெட்டிக்காரிதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உனக்கு ரயில் இருந்திச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸில் ஏறினார். பசறை தாண்டியதும் பாதை ஒடுங்கியது. மேலே போகப் போகப் பனிமூட்டம் ஜன்னலுக்குள்ளேயே வந்தது. இடையில் நின்றுபோன மாணவி தவமணியைத் தேடிக்கொண்டு போனோம். தண்ணீர்க் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், வார நாட்களில் கொழுந்து மலையில் வேலை. "ஏம்மா வராம விட்டீங்க?" என்று அக்கா கேட்டார். தவமணி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "ஒங்க வகுப்பு முடியுறதுக்கு முன்னாடியே எங்க கடைசி பஸ்ஸு போயிரும் மிஸ். நடுவுல எந்திரிச்சு ஓடுவேன். அந்தப் பேசாத புள்ளையப் பத்தி ஒரு கதை சொன்னீங்களே, கடைசியில அது பேசிச்சா இல்லியா?" அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து போவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆர்வம் இல்லாதவள் என்று நினைத்திருக்கிறோம்.

"பேசிச்சு" என்றார் கோமதி அக்கா. "வகுப்பே இங்க வந்தா நீங்க வருவீங்களா?"

"டவுன்காரங்க மலைக்கு ஏறுறது ஓட்டுக் கேக்கத்தான். மொதல்ல நீங்க எந்தக் கட்சின்னு சொல்லுங்க" என்றாள் தவமணி. குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் கோமதி அக்கா. அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். கடைக்கு வெளியே தெருவில் நின்றால்கூடக் கேட்கும்.

நிறுவனத்தில் சம்மதம் வாங்குவது மலையேறுவதை விடக் கஷ்டமாக இருந்தது. டிப்ளோமா என்றால் மண்டபம் வேண்டும், நூலகம் வேண்டும் என்றார்கள். "அங்க அடிக்கடி கரண்ட் போகும். புரொஜெக்டர் இல்லாம எப்படி நடத்துவீங்க?" என்று பணிப்பாளர் கேட்டார். அக்கா கொஞ்சமும் கோபப்படாமல், "அவங்க புள்ளைங்களை இதுவரைக்கும் புரொஜெக்டர்லயா சேர் பாத்துக்கிட்டிருக்காங்க?" என்றார். பணிப்பாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக்கிடக்கும் பிள்ளைக்காம்பராவைத் தரத் தோட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். அப்படித்தான் உயர்கல்வி என்று நாம் பெரிதாகச் சொல்கிற ஒன்று, சேலைத் தொட்டில்கள் தொங்கும் ஒரு தகரக் கூரைக்குக் கீழே தொடங்கியது.

முதல் நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அக்கா பலகையில் தேதியெல்லாம் எழுதிவிட்டு உள்ளே காத்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் வரவில்லை. அவர் முகம் வாடத் தொடங்கியது. நான் வெளியே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் வந்திருந்தார்கள். தலையைத் துணியால் போர்த்திக்கொண்டு, தூறலில், முற்றத்தில் ஒரே வரிசையாக நின்றார்கள். தினமும் விடிகாலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அப்படித்தான் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டு எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அங்கே கால் நகரும். நாங்கள் கூப்பிடுவோம் என்று அவர்கள் வெளியே நிற்க, அவர்கள் வருவார்கள் என்று நாங்கள் உள்ளே இருந்திருக்கிறோம்.

"நான் போய்ப் பேரைக் கூப்பிடவா?" என்று கேட்டேன்.

"கூப்பிடாத. இன்னைக்குக் கூப்பிட்டா ரெண்டு வருஷமும் கூப்பிடணும்" என்றவர் திரும்பி, ஆளில்லாத அறைக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். குழந்தை முதலில் கற்பது அழுகையா சிரிப்பா என்று சுவரைப் பார்த்து உரத்த குரலில் கேட்டார். காலியான பாய்களைக் கை நீட்டிக் காட்டி, "நீங்க சொல்லுங்க" என்றார். முதலில் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் தவமணிதான் பொறுக்கமாட்டாமல் வாசலில் வந்து நின்று, "மிஸ்ஸுக்குக் கிறுக்கா பிடிச்சிருச்சு? செவுரு எப்பிடி பதில் சொல்லும்? அழுகைதான் மிஸ்" என்றாள். "அப்ப உள்ள வந்து சொல்லு" என்றார் அக்கா. அவள் பின்னால் எல்லாரும் நுழைந்தார்கள். அதற்குப் பிறகும் பல வாரம் சிலர் முற்றத்தில் தயங்குவார்கள். அவர் ஒருநாளும் பேர் கூப்பிடவில்லை.

கடைவீதிக் குடும்பத்துப் பெண் அவர். லயத்து வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்து வளர்ந்தவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. எங்கள் பாடக் கையேட்டில் குழந்தைக்கு வீட்டில் தனியாக ஒரு வாசிப்பு மூலை ஒதுக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதை அவர் நடத்தியபோது ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்க காம்பராவுல சாமிப் படத்துக்கே மூலையில்ல மிஸ்." அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. கையேட்டை மூடினார். "சரி, ஒரே அறையில ஏழு பேரோட வளர்ற புள்ளைக்கு என்னென்ன தெரியும்னு நீங்க சொல்லுங்க. நான் எழுதுறேன்" என்றார். தூங்குகிறவரை எழுப்பாமல் நடக்கத் தெரியும் என்றார்கள். பக்கத்துக் காம்பராவில் யாருக்குக் கோபம் என்று இருமலை வைத்தே சொல்லத் தெரியும் என்றார்கள். பலகை போதாமல் கதவின் பின்பக்கத்திலும் எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், "இத்தன வருஷம் நாம அரைக் குழந்தையத்தான் சொல்லிக்குடுத்திருக்கோம்" என்றார். அதன் பிறகு அந்த அத்தியாயத்தை நாங்கள் பதுளையிலும் வேறு விதமாகத்தான் நடத்துகிறோம்.

முதல் அணியின் செய்முறைப் பரீட்சை நாளைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை முடிக்க முடியாது. வெளியூரிலிருந்து பரீட்சகராக ஒரு சிங்கள அம்மா வந்திருந்தார். வேலை நாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளோடு நம் மாணவிகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கடைசி வளைவில் வேன் திரும்பும்போதே, சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. விடிகாலையில் மேல் லயத்தில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். தோட்டத்தில் சாவு விழுந்தால் ஒருவரும் வேலைக்கு இறங்கமாட்டார்கள். பிணம் எடுக்கும்வரை அங்கேயே இருப்பார்கள். பிள்ளைக்காம்பராவில் விளையாட்டுச் சாமான்கள் அழகாக அடுக்கியபடி இருந்தன. குழந்தையும் இல்லை, மாணவியும் இல்லை. பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரையும் வராதவர்கள் என்று பதிந்துவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை என்றார். அவர் மேல் தவறில்லை, விதி அப்படி. அடுத்த பரீட்சை ஒரு வருடம் கழித்துத்தான்.

கோமதி அக்கா தப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். பிறகு சிங்களத்தில், "மேடம், பரீட்சை மேலே நடந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் நடக்க வேண்டும்" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லி அந்த அம்மாவைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போகிறாரே என்று பயந்துகொண்டே படியேறினேன்.

சாவு விழுந்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கோமதி அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. சாவு வீட்டில் கூட்டம் என்பதால் அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் கடைசிக் காம்பராவில் சேர்த்து வைத்திருந்தார்கள். நம் மாணவிகள் முறை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனபோது தவமணியின் முறை. உள்ளே பிள்ளைகள் சாவு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான். இருவர் பால்மா டின்னைத் தப்பு மாதிரி அடிக்கிறார்கள். ஒரு சின்னவள் தலையில் அடித்து ஒப்பாரி வைக்கிறாள். பரீட்சகர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இதை ஏன் அவள் நிறுத்தவில்லை?" என்று கேட்டார்.

தவமணி எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. படுத்திருந்தவனைத் தட்டி, "எழும்புடா, ஒன் நேரம் முடிஞ்சிச்சு. அடுத்த ஆளு படுக்கணும்" என்றாள். அவன் எழுந்தான், இன்னொருவன் படுத்தான். அப்போது இறந்தவரின் பேத்தி, நாலு வயதிருக்கும், தவமணியின் மடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்க தாத்தா நேரம் எப்ப முடியும்?"

டின் சத்தம் நின்றது. தவமணி அந்தப் பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டாள். "தாத்தா வெளையாடலடி தங்கம். அவரு எழும்ப மாட்டாரு. நீங்கதான் வெளையாடுறீங்க. நீங்க எழும்பலாம். எத்தன தரம் படுத்தாலும் எழும்பலாம்."

இதையெல்லாம் கோமதி அக்கா பரீட்சகரின் காதில் மெல்லிய குரலில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சத்தை நான்தான் சொன்னேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பார்த்ததையெல்லாம் விளையாடிப் பார்க்கப் பிள்ளைகளை விட வேண்டும் என்று அவர் வகுப்பில் சொன்னபோது, 'சாவு விளையாட்டு வீட்டுக்கு ஆகாது மிஸ்' என்று கடைசிவரை சண்டை பிடித்தவள் தவமணிதானாம். "என்கிட்ட தோத்துட்டேன்னு அவ இன்னைக்குவரைக்கும் ஒத்துக்கல" என்று பெருமையாகச் சொன்னார். பரீட்சகர் அன்று மாலைவரை இருந்தார். முறை மாறி வந்த ஒவ்வொருத்தியையும் உட்கார்ந்து பார்த்தார். ஒருவரையும் வராதவர் என்று பதியவில்லை. தவமணி இப்போது அதே பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவள்.

இப்படியெல்லாம் எழுதும்போது கோமதி அக்கா எதற்கும் அஞ்சாதவர் என்று தோன்றலாம். அப்படியில்லை. மடுல்சீமைப் பாதை அவருக்குப் பெரிய பயம். வளைவுகள் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். கந்தசஷ்டி சொல்கிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "சஷ்டியுமில்ல ஒண்ணுமில்ல. பள்ளத்தப் பாத்தா எனக்குக் காலு கூசும்டி. எங்கடா நாமளும் உருண்டுருவோமோன்னு இருக்கும்." பிறகு ஏன் அக்கா ஒவ்வொரு வாரமும் என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பயம் போகட்டும்னு பாத்துக்கிட்டிருந்தா நான் பதுளையிலயே கெழவியாயிருப்பேன். அதுவும் ஒரு டிக்கெட் எடுத்துக்கிட்டுப் பக்கத்துல வரட்டும்."

நான் கர்ப்பமான பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து அவரே போனார். மகள் பிறந்து, விடுமுறை முடிந்து, வேலைக்குத் திரும்பியும் நான் மலைக்குப் போகவில்லை. எனக்கு எல்லாமே பயமாக இருந்தது. பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். மாமியாரிடம் விட்டுவிட்டு நிறுவனத்துக்கு வந்தால்கூட மணிக்கு ஒருதரம் போன் போடுவேன். அக்கா ஒருநாளும் 'எப்ப வர்றே' என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளிடம்தான் பேசுவார்: "ஒங்கம்மாவ நீ எப்ப வேலைக்கு விடப்போற? அவ ஒன்ன விடமாட்டா போலயிருக்கு, நீயாவது அவள விடு."

அவர் போன பிறகு, மடுல்சீமைக்குச் சென்று வகுப்பு பதுளையோடு சேர்கிறது என்று மாணவிகளிடம் நேரில் சொல்லிவிட்டு வரும்படி நிறுவனம் என்னைக் கேட்டது. போனில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு நாள் முழுக்க மலையில் இருக்க முடியாது, அவளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "அந்த ரோட்டுலயா பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போற? மண்ணு சரியுதுன்னு நியூஸ்ல சொல்றான்" என்று மாமியார் வாசலை மறித்தார். அவர் கேட்டதெல்லாம் நான் இரவு முழுக்க எனக்குள்ளே கேட்டதுதான். என் கணவர் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை வந்தார். வளைவுகளில் மகள் அவள்பாட்டுக்கு வெளியே பார்த்துக் கை தட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளை இறுக்கிய இறுக்கில் என் கைதான் மரத்துப்போனது.

எல்லாரும் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்திருந்தார்கள். தவமணியும் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிலர் விசும்பினார்கள். கோமதி அக்காவைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினோம். பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "பதுளைக்கா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவ்வளவுதான். ஒருவரும் கெஞ்சவில்லை. முன்னால் இருந்தவள் எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கினாள். தருகிறோம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பழகிய ஒன்று போல இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாய விரிடி" என்றாள் தவமணி. என்னிடம் திரும்பினாள். "வந்தது வந்தீங்க மிஸ், இன்னைக்குப் பாடத்த நடத்திட்டுப் போங்க. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு."

"பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி தவமணி…"

"கொண்டாங்க இங்க. இங்க இருக்குறவளுக எல்லாம் ஒரு வருஷமா என்னத்தப் படிக்கிறாளுகன்னு நெனச்சீங்க? ஆடு மேய்க்கவா?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. என் மகளை அதுவரை வீட்டாரையும் கோமதி அக்காவையும் தவிர வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. தவமணி கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கொடுத்தேன்.

பக்கத்து அறைக்குக் கொண்டுபோனதுமே அழுகை தொடங்கியது. நான் பலகைக்கு முன்னால் நின்று, தாயைப் பிரியும்போது குழந்தை படும் பதற்றம் என்று கோமதி அக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தேன். பாடத்திட்டத்தில் அடுத்து வருவது அதுதான், நான் தேடி எடுத்ததல்ல. வாக்கியம் பாதியில் நின்றது. கால் அந்தப் பக்கம் போகத் துடித்தது. முன்னால் இருந்த பெண்கள் ஒருவரும் அந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் வாக்கியத்தை முடித்தேன். அடுத்ததைத் தொடங்கினேன். எந்த வாக்கியத்தில் அழுகை நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பாடம் முடிந்து போய்ப் பார்த்தபோது மகள் சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொட்டில்களில் மாணவிகளின் பிள்ளைகள். தவமணி வாயில் விரலை வைத்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

மறுநாள் பணிப்பாளரிடம் மடுல்சீமை வகுப்பை நான் எடுக்கிறேன் என்றேன். "கைக்குழந்தையோடயா?" என்று அவர் கேட்டார். "அங்க பிள்ளை பாக்கத் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்காங்க சேர்" என்றேன்.

கோமதி அக்கா எனக்குத் தைரியத்தை விட்டுப்போனார் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் என்னிடம் தைரியம் இல்லை. இந்த வரியை எழுதும்போதுகூட இரண்டுமுறை எழுந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறொன்று. பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, அழுகை காதில் விழ விழ, கையில் இருக்கும் வேலையை முடிக்க முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. மலையில் ஒவ்வொரு தாயும் அதைத் தினமும் விடிகாலையில் செய்துவிட்டுத்தான் கூடையை மாட்டுகிறாள். நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மாவும் என்னை அப்படித்தான் ஒரு வாசலில் விட்டுவிட்டுப் போயிருப்பாள். அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்துப் பார்க்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் கோமதி அக்கா.